கேஸ் ஷீட் கேட்டு வருபவர்

மருத்துவத் தகராறுகளில் சமரசராக இருப்பது என் வேலை. மருத்துவமனைக்கும் நோயாளியின் குடும்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, அவர்களே பேசி ஒரு முடிவுக்கு வர உதவுவேன். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. சில ஆண்டுகளாக, இப்படி ஒரு வழி இருப்பதைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லும் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் பேசி வருகிறேன். சமரச அறையில் பேசப்படுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. அதனால் கூட்டங்களில் எல்லோர் முன்னாலும் கேட்கப்பட்டவற்றையும், அவை என்னை யோசிக்க வைத்தவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அன்றைக்கு எந்தத் தகராறும் இருக்காது. கேட்பார்கள், தலையாட்டுவார்கள், போய்விடுவார்கள். உண்மையிலேயே பிரச்சினையோடு வந்தவர் எல்லோரும் கலையும்வரை காத்திருப்பார். கையில் ஒரு ஃபைல் இருக்கும். "எவ்வளவு கிடைக்கும்?" என்று அவர் தொடங்குவது அரிது. "அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு யாருமே சொல்லல. அதைச் சொல்ல வைக்க முடியுமா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி.

இது நான் பேசிய சிலருக்கு மட்டும் உரிய மனநிலை இல்லை. பிரிட்டனில் சார்லஸ் வின்சென்ட்டும் சக ஆய்வாளர்களும் வழக்குத் தொடுக்க முன்வந்த 227 நோயாளிகளையும் உறவினர்களையும் கேட்டு, 1994-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இழப்பீடு ஒரு காரணமாக இருந்தது உண்மைதான். ஆனால் என்ன நடந்தது என்ற விளக்கம் வேண்டும், யாராவது பொறுப்பேற்க வேண்டும், இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது என்பவையும் அதோடு சேர்ந்தே இருந்தன. தீர்ப்பு பணத்தைப் பெற்றுத் தரலாம். அன்று பணியில் இருந்த மருத்துவர் எதிரில் உட்கார்ந்து, தேதி வாரியாக, மணி வாரியாகச் சொல்லும் விளக்கத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. சமரசத்தின் பலமே அந்த விளக்கம்தான் என்று நம்புகிறேன். அதனால் கூட்டங்களில் செலவு குறைவு, சீக்கிரம் முடியும் என்ற வழக்கமான பேச்சைச் சுருக்கிக்கொண்டு, இதற்கு அதிக நேரம் கொடுக்கிறேன்.

அடுத்து வருவது சந்தேகம். "உங்களுக்குச் சம்பளம் தருவது யார்? மருத்துவமனையா?" இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டதும் அரங்கத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கேட்பவரிடம் கோபித்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. அவர் பக்கத்தில் ஒரு குடும்பம். எதிர்ப்பக்கத்தில் மருத்துவர், நிர்வாகி, வழக்கறிஞர், சில நேரம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள். மருத்துவ அறிவும் ஆவணங்களும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. இப்படிப்பட்ட மேசையில் 'நடுநிலை' என்று சொல்லிவிட்டால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. கட்டணம் யார் கொடுக்கிறார்கள், சமரசரை யார் தேர்ந்தெடுத்தார்கள், அந்த மருத்துவமனையோடு அவருக்கு முன்பு தொடர்பு உண்டா என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று சொல்கிறேன். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறொருவரைக் கேளுங்கள். வழக்கறிஞரையோ விவரம் தெரிந்த உறவினரையோ உடன் அழைத்து வர முடியுமா என்றும் கேளுங்கள்.

ரகசியம் பற்றி ஒரு பெண் கேட்டது இன்றும் நினைவில் இருக்கிறது. "நாலு சுவருக்குள்ளே பேசி முடிச்சிட்டா, அதே தப்பு அடுத்தவங்களுக்கும் நடக்காதா?" நியாயமான கவலை. அறையில் சொன்ன வார்த்தைகளைப் பின்னால் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்ட முடியாது என்ற உறுதி இருந்தால்தான் மருத்துவர் மனம்விட்டுப் பேசுவார். அந்தப் பாதுகாப்பு தேவை. ஆனால் கேஸ் ஷீட் எனப்படும் சிகிச்சைப் பதிவு, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் சமரசத்துக்கு முன்பே இருந்த ஆவணங்கள். மேசையில் வைத்துப் பேசியதாலேயே அவை ரகசியம் ஆகிவிடாது. ஒப்பந்தத்தில் பணத்தைத் தவிர வேறு விஷயங்களையும் கேட்கலாம். எந்த நடைமுறையை மாற்றப் போகிறீர்கள், எப்போது மாற்றுவீர்கள், மாற்றியதை எங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பீர்களா என்று கேட்ட குடும்பங்கள் உண்டு. மருத்துவர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் மருத்துவக் கவுன்சிலில் இனி புகார் கொடுக்க மாட்டேன் என்று ஒரு வரி அதில் இருந்தால், கையெழுத்துக்கு முன் கட்டாயம் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் சமரசம்தான் மருந்து என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆவணத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், குற்றம் நடந்திருந்தால், அல்லது எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தீர்ப்பு தேவை என்று குடும்பம் நினைத்தால், நீதிமன்றம்தான் சரியான இடம். சட்டங்களும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இந்தியாவில் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சமரசத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. ஆனால் அதன் கீழ் 2020-இல் வந்த சமரச விதிகள், மருத்துவ அலட்சியத்தால் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பக் கூடாது என்கின்றன. தென்கொரியா இதற்கு நேர் எதிர். அங்கே 2012-இல் மருத்துவத் தகராறுகளுக்கென்றே ஒரு சமரச நிறுவனம் தொடங்கப்பட்டது. மருத்துவமனை மறுத்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும் நிலை இருந்ததால், 2016-இல் சட்டத்தைத் திருத்தி, மரணம் போன்ற கடுமையான நிகழ்வுகளில் மருத்துவமனையின் ஒப்புதல் இல்லாமலே நடைமுறை தொடங்கும்படி செய்தார்கள்.

உயிரிழப்பு வழக்குகளைச் சமரசத்துக்கு விட்டால், பலவீனமான குடும்பத்தை அவசரமாக ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார்கள் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், விளக்கம் மிக அதிகமாகத் தேவைப்படுபவர்களும் அந்தக் குடும்பங்கள்தான். இழப்பீட்டுப் பேச்சு வேண்டாம் என்றால் சரி, விளக்கம் தரும் ஓர் அமர்வையாவது அவர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. தைவான் அப்படி ஒரு வழியைக் கண்டிருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள அதன் சட்டத்தில், மருத்துவ விபத்து நடந்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் மருத்துவமனை நோயாளியிடமோ குடும்பத்திடமோ பேசி விளக்கியாக வேண்டும். வழக்கு அதற்குப் பிறகுதான், அதுவும் சமரசத்தை முயன்று பார்த்த பின்புதான்.

காலக்கெடு விஷயத்தை நான் ஒருபோதும் விடுவதில்லை. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள்தான். மருத்துவமனையோடு பேச்சு நடக்கிறதே என்று காத்திருந்து அதைக் கடந்துவிடக் கூடாது.

விழிப்புணர்வு என்றாலே பொதுமக்களைத்தான் நினைக்கிறோம். என் அனுபவத்தில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அது அதே அளவு தேவை. நடந்தது தவறாகிவிட்டது என்று தெரிந்த நிமிடத்தில் வார்டில் பேச்சு நின்றுபோகிறது. வருத்தம் தெரிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986-லேயே, அனுதாப வார்த்தைகளைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதற்கான சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் செய்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2001-இல் தொடங்கி, தவறு நடந்தால் தாங்களே முன்வந்து சொல்வது, விளக்குவது, ஈடு கொடுப்பது என்ற வழக்கத்துக்கு மாறின. 2010-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு லட்சம் நோயாளி வருகைகளுக்குச் சராசரியாக மாதம் 7 ஆக இருந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 4.5 ஆகக் குறைந்தன. மருத்துவர் கூட்டங்களில் இந்த எண்களைச் சொன்னதும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கவனிக்கிறார்கள்.

பெரிய அரங்கங்களும் பேனர்களும் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தகராறு முதன்முதலாகத் தலைகாட்டும் இடம் மருத்துவப் பதிவேடு அறையின் ஜன்னல். மனதில் கேள்வி எழுந்த உறவினர், வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேஸ் ஷீட் நகல் கேட்டு அங்கே வந்து நிற்பார். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை சொல்கிறது. அந்த ஜன்னலில் அவரை அலைக்கழித்தால், எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் அன்றே வேர்விட்டுவிடும். அப்புறம் எந்தச் சமரசர் கூப்பிட்டாலும் வர மனம் வராது. அதனால் இப்போதெல்லாம் நிர்வாகிகளிடம் நான் முதலில் கேட்பது, அந்த அறை ஊழியருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுக்க அனுமதி. நகலை உடனே கொடுங்கள், "என்ன ஆச்சு?" என்று விசாரியுங்கள், பேச ஆள் இருக்கிறது என்று சொல்லி ஒரு துண்டறிக்கையைக் கொடுங்கள் என்பதுதான் பயிற்சி.

துண்டறிக்கை ஒரே பக்கம். சமரசர் யார், கட்டணம் யாருடையது, யாரை உடன் அழைத்து வரலாம், புகாருக்கான காலக்கெடு எது என்பவை அதில் இருக்கும். 'உங்களுக்கு விருப்பமில்லையென்றால் எந்தக் கட்டத்திலும் எழுந்து போகலாம். சட்டப்படி வழக்குத் தொடரும் உரிமை அப்படியே இருக்கும்' என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். ஒரு நிர்வாகி அதைச் சிறிய எழுத்தில் கீழே தள்ளச் சொன்னார். அந்த வரியைப் படித்த பிறகுதான் பலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மேற்கொண்டு கேட்கிறார்கள் என்று விளக்கினேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.