மேல்வீட்டு வாளிகள்

பழைய வாடகைக் குடியிருப்புகளை வாங்க நினைப்பவர்களுக்காக நேரில் போய்ப் பார்த்து, தேறுமா தேறாதா என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. நான்கு வீடு, ஆறு வீடு கொண்ட சின்னக் கட்டடங்கள்தான் பெரும்பாலும். விற்பவர் எடுத்தவுடன் வாடகைப் பட்டியலை நீட்டுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன்.

அப்படித்தான் ஒருமுறை அடி வாங்கினேன். நான்கு வீடு, நான்கிலும் ஆள், சுவரெல்லாம் புதுப் பெயின்ட். வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்திரம் முடிந்த இரண்டாம் மாதம் கீழ்வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனார். விற்றவரின் உறவுக்காரராம், அவர் கொடுத்த வாடகை ஏட்டில் மட்டும்தான் இருந்திருக்கிறது. நூறு வீட்டு வளாகத்தில் ஒன்று காலியானால் போவது 1 சதவீதம். நான்கில் ஒன்று என்றால் வருமானத்தில் 25 சதவீதம். வாங்கியவர் திட்டவில்லை. “நீங்க பார்த்துச் சொன்னீங்களேன்னுதான் சார் வாங்கினேன்” என்றார். திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் வாடகை வங்கியில் ஏறியதற்கு ஓராண்டுக் கணக்கைக் கேட்கிறேன். குடியிருப்பவரிடமும் வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று கையெழுத்தோடு வாங்கிவிடுவேன். விற்பவர் முன்பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார். விலையில் கழிக்காவிட்டால் திருப்பித் தரும் பாரம் புதியவர் தலையில்தான் விழும்.

அப்புறம் கணக்கு. ஆண்டு வாடகை 100, விலை 1,000 என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் 10 சதவீத வருவாய் என்பார். காலி மாதங்கள், வரி, காப்பீடு, மோட்டார், பொது விளக்கு, சில்லறைப் பழுது, பெரிய பழுதுக்கு ஒதுக்குவது எல்லாம் கழித்தால் பழைய கட்டடத்தில் 55, 60 மிஞ்சினாலே நல்லது. கடன் வட்டி அதற்கு மேல் இருந்தால் மாதாமாதம் கைக்காசு போட்டுத்தான் கட்டடத்தை வைத்திருக்க வேண்டும். “வாடகை ரொம்பக் குறைச்சல், ஏத்திக்கலாம்” என்பார்கள். ஏற்றினால் வரப்போகும் பணத்துக்கு இன்றே ஏன் விலை கொடுக்க வேண்டும்? அதைத்தான் இதுவரை எந்த விற்பவராலும் எனக்குப் புரியவைக்க முடியவில்லை.

எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. பழைய கட்டடங்களில் சுவர் தடிமனாக இருக்கும், அறைகள் விசாலம், பத்து வருடமாக நகராத குடித்தனக்காரர்களும் உண்டு. பயமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேலே உள்ள பூச்சை வெளியே தள்ளும். தளத்தின் அடியில் ஓரிடத்தில் மட்டும் புதுப்பூச்சு தெரிந்தால் தட்டிப் பார்ப்பேன். பொத்தென்று கேட்டால் உள்ளே பிடிப்பு விட்டுவிட்டது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயோ உள்ளிருந்தே அரிக்கும். பழுது பார்த்த இடத்தில் வெட்டிப் போட்ட துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே பெயின்ட் பளபளத்தது. உள்ளே துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது.

போன மாதம் பார்த்தது ஆறு வீட்டுக் கட்டடம். தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது என்று உரிமையாளர் அடித்துச் சொன்னார். மேல்வீட்டுக் குளியலறையில் மூடி போட்டு வரிசையாக ஏழு வாளிகள், எல்லாம் நிரம்பி. குழாயைத் திறந்தேன், தண்ணீர் நன்றாகத்தான் கொட்டியது. அந்த வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப கீழே யாரும் குளிக்கலையே தம்பி” என்றார்.

கீழே இருந்த உதவியாளரை போனில் கூப்பிட்டு இரண்டு வீட்டுக் குழாய்களைத் திறக்கச் சொன்னேன். என் கைமேல் விழுந்த தண்ணீர் நூலாக இளைத்து, சொட்டி, நின்றது. அந்த அம்மா ஒரு வாளியின் மூடியைச் சரியாக அழுத்தி வைத்துவிட்டு உள்ளே போனார்.