பூவிலிருந்து நாற்று வரை: மகரந்தச் சேர்க்கை ஆய்வில் எதை எதனோடு ஒப்பிடுவது?

சேலத்தில் முதுநிலைத் தாவரவியல் படிப்பவர்களுக்கு ஆய்வேட்டுத் தலைப்பு என்றதும் ஏற்காடுதான் முதலில் நினைவுக்கு வரும். கோடை மழை விழுந்த சில நாட்களில் காப்பிச் செடிகள் ஒருசேரப் பூத்து நிற்பதைப் பார்த்தால், அதே செடியின் மகரந்தம், வேறு செடியின் மகரந்தம் ஆகியவற்றின் விளைவை ஒப்பிடும் மகரந்தச் சேர்க்கை ஆய்வை அதிலேயே செய்துவிடலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அராபிகா காப்பியின் பூ பழமாவதற்கு எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும், விதை முளைக்க அதற்குப் பின்னும் ஒன்றரை மாதத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். ஏற்காட்டில் காணக் கிடைக்கும் ஆர்க்கிடுகளின் நிலை வேறு. தூசியைப் போன்ற அவற்றின் விதைகளில் முளைசூழ்தசை (விதைக்குள் இருக்கும் உணவுச் சேமிப்பு) இல்லாததால், பூஞ்சையின் துணையோ ஆய்வகத்து ஊட்ட ஊடகமோ இன்றி அவை நாற்றாவதில்லை. விதை விளைச்சல், முளைப்புத்திறன் இரண்டையும் ஓராண்டுக்குள் அளக்க வேண்டுமானால் சமவெளிப் பயிரே பொருத்தம் என்று முடிவு செய்து, மாசிப் பட்டத்து எள்ளைத் தேர்ந்தெடுத்தேன். எள் ஏறக்குறைய மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும்.

எள்ளில் இன்னொரு வசதி உண்டு. அதன் மகரந்தத்தாள்கள் அல்லிக் குழலோடு (இதழ்கள் இணைந்த குழாயோடு) ஒட்டியிருப்பதால், மறுநாள் மலரவிருக்கும் மொட்டின் அல்லியை முந்தைய மாலையிலேயே மெல்ல உருவினால் அவையும் சேர்ந்தே வந்துவிடும். ஆண்மை நீக்கத்துக்கு, அதாவது பூவின் மகரந்தத்தாள்களை அகற்றுவதற்கு, தனிக் கருவி தேவையில்லை. மகரந்தப்பைகள் விடியற்காலையில், பூ விரியும் வேளையை ஒட்டி வெடித்துவிடுவதால், காலையில் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விடுவது பயன்படாது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். வெளி மகரந்தம் சேராதபடி உறையிட்டு அப்படியே விட்ட பூக்களைத் தன் மகரந்தச் சேர்க்கை என்றும், ஆண்மை நீக்கி வேற்றுச் செடியின் மகரந்தத்தைத் தடவிய பூக்களை அயல் மகரந்தச் சேர்க்கை என்றும் எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடும் ஏடுகள் பல உண்டு. இது முறையன்று. இரண்டாம் வகைப் பூக்கள் மட்டும் அல்லியை இழந்து கைபட்டவை என்பதால், விளைச்சல் குறைந்தால் அது மகரந்தத்தால் குறைந்ததா காயத்தால் குறைந்ததா என்று சொல்ல முடியாது. இரு வகையிலும் ஆண்மை நீக்கி, ஒன்றில் அதே செடியின் மகரந்தத்தையும் மற்றொன்றில் வேறு செடியின் மகரந்தத்தையும் தடவுவதே நேர்மையான ஒப்பீடு. ஆண்மை நீக்கியபின் எதையும் தடவாமல் உறையிட்ட சில பூக்களும் வேண்டும். அவற்றில் காய் பிடித்தால் உங்கள் கைவேலையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். வாய்மொழித் தேர்வில் ஒப்பிட்டுச் சரிபார்க்க வைக்கும் இந்தக் கட்டுப்பாட்டுப் பூக்களைப் பற்றித்தான் என்னிடம் முதலில் கேட்டார்கள்.

எள் கீழிருந்து மேலாகப் பூப்பதால், எல்லா முறைகளையும் எல்லாச் செடிகளிலும் ஒத்த கணுக்களில் கலந்து செய்ய வேண்டும். கீழ்க்கணுக்களில் ஒரு முறையும் நுனியில் மற்றொரு முறையும் செய்தால், நீங்கள் அளப்பது காயின் இடத்தை, மகரந்தத்தை அன்று. காய்கள் முதிர்ந்ததும் நுனியில் வெடித்து விதையைக் கொட்டிவிடும் என்பதால், சற்று முன்னதாகவே பறித்துச் செடி வாரியாகத் தனித்தனி உறைகளில் உலர்த்துங்கள். சில ரகங்களில் புதிய விதைக்கு உறக்கநிலை இருக்கும்; எனவே எல்லா மாதிரிகளையும் ஒரே அளவு காலம் வைத்திருந்து முளைப்புக்கு இட வேண்டும்.

மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான். எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு முறையிலும் 50 பூக்கள் என்று வைத்துக்கொள்வோம். தன் மகரந்தத்தில் 40 காய்கள், காய்க்கு 50 விதைகள், முளைப்பு 80 விழுக்காடு; அயல் மகரந்தத்தில் 35 காய்கள், காய்க்கு 60 விதைகள், முளைப்பு 90 விழுக்காடு. காய் பிடிப்பை மட்டும் பார்த்தால் தன் மகரந்தமே மேல். ஆனால் பூ ஒன்றுக்கு நாற்று என்று கணக்கிட்டால் முதலதில் 32, இரண்டாவதில் 37.8, முடிவு தலைகீழாகிறது. பதர் விதைகளை நீக்கிவிட்டு முளைப்பு பார்த்தால், நீக்கியவற்றையும் எண்ணி ஏட்டில் காட்டுங்கள். இல்லையேல் இந்தப் பெருக்கலே பொய்யாகும். மேலும், விதை குறைவாகப் பிடித்த காயில் ஒவ்வொரு விதையும் எடை கூடி நன்றாக முளைக்கக் கூடும் என்பதால், ஆயிரம் விதை எடையைத் தராமல் முளைப்பு விழுக்காட்டை மட்டும் வைத்து எதையும் நிறுவ முயலாதீர்கள்.

சார்லஸ் டார்வின் தம் ஆய்வு முடிவுகளை 1876இல் வெளியிட்டபோது, தன் மகரந்தத்தாலும் அயல் மகரந்தத்தாலும் விளைந்த இருவகை விதைகளையும் ஈர மணலில் முளைக்க வைத்து, ஒரே நேரத்தில் முளைத்தவற்றை இணையாக எடுத்து ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நட்டதாக எழுதினார். நாற்றின் வளர்ச்சியை ஒப்பிட அது மிகச் சிறந்த வழி. ஆனால் முளைப்பு வேறுபாட்டை அவ்வழி வேண்டுமென்றே நீக்கிவிடுகிறது என்பதைக் கவனிக்காமல், அதை முளைப்புத்திறன் ஆய்வுக்கு முன்மாதிரியாக முன்னுரையில் காட்டுவது பொருந்தாது.

கடைசியாகப் புள்ளியியல். ஒரு காயின் விதைகள் அனைத்தும் உடன்பிறப்புகள். நூறு விதைகளை நூறு தனி மாதிரிகளாகக் கொள்ள முடியாது. செடியையே அலகாகக் கொண்டு, விழுக்காடுகளுக்கு ஈருறுப்புப் பரவல் (முளைத்தது, முளைக்காதது என இரண்டே முடிவுகளுக்கான பரவல்) சார்ந்த தொடர்புப் போக்குப் பகுப்பாய்வைப் (binomial regression) பயன்படுத்துங்கள். செடி வாரியாக உறைகளைப் பிரித்து வைத்திருந்தால்தான் அப்போது அந்தத் தரவு கைவசம் இருக்கும்.