மாறி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்

பள்ளித் தேர்வு ஒன்றில் ஓர் அட்டவணையைக் கொடுத்து, இது அடுக்குக்குறிச் சார்பா, அதாவது எக்ஸ் ஒன்று கூடும்போதெல்லாம் மதிப்பு ஒரே எண்ணால் பெருக்கப்படுகிறதா என்று கேட்டிருந்தார்கள். எக்ஸ் 0, 1, 2, 4. அவற்றுக்கான மதிப்புகள் 3, 6, 12, 48. ஒவ்வொரு மதிப்பையும் அதற்கு முந்தியதால் வகுத்தேன்: 2, 2, 4. கடைசி விகிதம் ஒத்துவரவில்லை என்று "இல்லை" எழுதிவிட்டேன். மதிப்பெண் போய்விட்டது. எக்ஸ் 2-லிருந்து 4-க்கு இரண்டு படி தாவியிருக்கிறது. இரண்டு படிக்கு 2 × 2, அதாவது 4 வரத்தானே வேண்டும்? 2-இன் அடுக்கு எக்ஸை 3-ஆல் பெருக்கினால் அதே அட்டவணைதான் வரும்.

அன்றிலிருந்து, வகுப்பதற்கு முன்னால் எக்ஸ் வரிசையைத்தான் முதலில் பார்ப்பேன். இடைவெளி சமமாக இருந்தால் மதிப்புகளைக் கழித்துப் பாருங்கள். வேறுபாடு மாறவில்லையென்றால் நேரிய சார்பு. வேறுபாடுகளின் வேறுபாடு மாறவில்லையென்றால் இருபடிச் சார்பு (எக்ஸ் வர்க்கம் உள்ளது). வகுக்கும்போது 1 அல்லாத ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அடுக்குக்குறி. 2, 3, 5, 9, 17 போன்ற வரிசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விகிதம் நிலைக்காது, ஆனால் வேறுபாடுகள் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கின்றன. 2-இன் அடுக்கு எக்ஸோடு 1-ஐக் கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அட்டவணை இல்லாமல் சூத்திரம் கொடுத்தால்? மாறி, அதாவது எக்ஸ், அடிமானத்தில் இருக்கிறதா, அடுக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ் வர்க்கத்தில் அது கீழே, 2-இன் அடுக்கு எக்ஸில் மேலே. அடுக்கு பெரிய எண்ணாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எக்ஸின் 10ஆம் அடுக்கும் பல்லுறுப்புக்கோவைதான் (எக்ஸ், எக்ஸ் வர்க்கம் போன்றவற்றை எண்களால் பெருக்கிக் கூட்டிய கோவை). முழு எண்களில் 2 முதல் 58 வரை அது 2-இன் அடுக்கு எக்ஸைவிடப் பெரியது. 59-இல் 2-இன் அடுக்கு எக்ஸ் முந்திவிடும், அப்புறம் அதைப் பிடிக்கவே முடியாது. இதைக் கணிப்பானில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், மறக்காது.

வேடம் போட்டு வரும் கணக்குகளையும் எழுதிப் பழகுங்கள். 2-இன் அடுக்கு 3-ஐ எக்ஸால் பெருக்கினால் 8 எக்ஸ், வெறும் நேர்கோடு. 2-இன் அடுக்கில் 3 எக்ஸ் இருந்தால் அது 8-இன் அடுக்கு எக்ஸ், அடுக்குக்குறி. 1-இன் அடுக்கு எக்ஸ் எப்போதும் 1, மாறிலி. எக்ஸின் அடுக்கு எக்ஸில் மாறி இரண்டு இடத்திலும் இருக்கிறது; அது பல்லுறுப்புக்கோவை போன்ற இயற்கணிதச் சார்பும் அல்ல, அடுக்குக்குறிச் சார்பும் அல்ல.