கீறிட்ட இடம்

"கரண்ட் நின்றால் உடனே ______ கூப்பிடுங்கள்." கீழே நாலு தெரிவுகள்: பல் வைத்தியரை, மின்சாரக் கொம்பனியை, தபால்காரரை, நூலகரை. கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான லிங்க் வகுப்புக்கு ஸ்காபுறோவில் நான் போகிறேன். அங்கே தந்த ஆங்கிலப் பயிற்சித்தாளில் இருந்த வசனம் இது. பக்கத்தில் இருந்த கொக்குவில் அன்ரி பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "தம்பி, நாங்கள் ஆரைக் கூப்பிட்டனாங்கள்?"

பின்வரிசையில் இருந்த எங்கட ஆக்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிய ஒருவரும் கதைக்கவில்லை.

1990க்குப் பிறகு யுத்தத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசக்கணக்காகக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது ஊறுமளவுக்கு எண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்திய வெளிச்சத்தில்தான் ஓ.எல். சோதனைக்குப் படித்தோம். செய்தி கேட்கவேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றவேண்டும். டைனமோவில் றேடியோ பாடும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும்.

மிஸ் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டா. வகுப்பில் வாயே திறக்காத அன்ரி எழும்பினா. கொட்டன், போத்தல், கெரோசின், சைக்கிள் என்று தன்னிடம் இருந்த ஆங்கிலச் சொற்களை வைத்து முழுக்கதையையும் சொன்னா. இடையில் தடக்கின இடமெல்லாம் மிஸ் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தா. சிரியாவிலிருந்து வந்த ஒரு பெண், தங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று தலையாட்டினா. அன்று அன்ரிக்குக் கிடைத்த சொல் ஒன்றுகூட இன்றுவரை மறக்கவில்லை.

எனக்கு இதுதான் பெரிய சந்தோசம், இதுதான் மனக்குறையும். கீறிட்ட இடம் நிரப்புவது நல்ல பயிற்சி. ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', தேத்தண்ணி 'ஸ்ரோங்'. இரண்டையும் மாற்றிப் போட்டால் இலக்கணப் பிழை வராது. ஆனால் ஒருவரும் அப்படிக் கதைப்பதில்லை. எது எதோடு சேரும் என்பது வசனத்தோடு பழகினால்தான் பிடிபடும். ஆனால் தாள்களில் வருகிற வசனங்களில் யாரோ பனிச்சறுக்குக்குப் போகிறார்கள், யாரோ நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். வாடகை வீட்டுக்காரருக்கு முறைப்பாடு எழுதுகிற வசனம் தேவைதான், மறுக்கவில்லை. எங்கட சீவியத்தில் இருந்தும் நாலு வசனம் வந்தால் என்ன?

அதனால் இப்போது நானே எழுதுகிறேன். நல்லூர்த் தேரன்று மழை ______ பெய்தது. மச்சான் என்னுடைய சைக்கிளை ______, திருப்பித் தரவேயில்லை. கூழுக்கு ஒடியல் மாவை ______. எழுத உட்கார்ந்தால் வசனம் நின்றுவிடுகிறது, நான் தேர்முட்டியடியில் நிற்கிறேன். ஸ்காபுறோ பழகிவிட்டது என்றுதான் எல்லாருக்கும் சொல்கிறேன். பஸ், பனி, வரி எல்லாம் பழகிவிட்டதுதான். 25 நாள் திருவிழா தொடங்கினால் மட்டும் இங்கே ஒரு நாளும் சரியாக விடிவதில்லை.

குடியுரிமைக்கு மொழிச் சான்று கேட்பது 18 முதல் 54 வயது வரையானவர்களிடம்தான். அன்ரி அந்த வயதைத் தாண்டிவிட்டா. பேத்தியோடு கதைக்கத்தான் வகுப்புக்கு வாறா. போன கிழமை என்னிடம் ஒரு வசனம் கேட்டா: யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதும், பிறகு திரும்பக் கட்டப்பட்டதும் ஒன்றாக வரவேண்டுமாம். எழுதி, இரண்டு இடத்தைக் கீறிவிட்டுக் கீழே 'பேர்ண்ட்', 'றீபில்ட்', 'பொறோட்', 'சோல்ட்' என்று நாலு சொல் போட்டுக் கொடுத்தேன். வகுப்பில் அவவே கொடுக்கப்போறா. எரித்தது ஆர் என்று யாராவது கேட்டால் சொல்லவேண்டிய பதிலுக்கு இப்பவே அகராதி புரட்டிக்கொண்டிருக்கிறா.