கரிசலில் வானம்பாடி: ஆறு ஞாயிறு, ஒரு படம்

ஒருவழியாகக் கண்ணில் வெளிச்சம் பட்டு மின்னும் ஒளிப்பொட்டோடு ஒரு படம் கிடைத்துவிட்டது. சாம்பல் தலை வானம்பாடி, ஆண், கோவில்பட்டிக்குக் கிழக்கே உளுந்து எடுத்து முடித்த ஒரு மானாவாரிக் காட்டில், காலை 6:50க்கு. இதற்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. அத்தனை நாளும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தால் வரித்தலை வாத்து நூற்றுக்கணக்கில் தேறியிருக்கும், ஆனால் அதை எடுக்க ஊரே வருகிறது, இந்தக் குருவியைத் தாண்டித்தான் எல்லோரும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

சிட்டுக்குருவியை விடச் சின்னது. ஆணுக்கு உச்சி சாம்பல், கன்னம் வெள்ளை, வயிறு முழுக்கக் கறுப்பு, கண்ணும் கறுப்புப் பட்டைக்குள்ளேயே இருக்கிறது. அது நிற்பதோ கரிசல் மண். மண்ணைப் பார்த்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கன்னம் விவரமெல்லாம் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் மேனுவலுக்கு மாறி, கன்னம் வெந்துபோகாத அளவில் வெளிச்சத்தை நிறுத்திவிட்டேன். வயிற்றுக் கறுப்பைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம், போன வெள்ளை திரும்பாது.

இதெல்லாம் இரண்டாவது வாரமே சரியாகிவிட்டது. நாலு வாரம் தின்றது கானல்தான், அதாவது சூட்டில் ஆடுகிற காற்று. 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், தரையோடு தரையாகப் படுத்து எடுத்த படங்கள், எல்லாமே கொழகொழவென்று. லென்ஸில் ஃபோகஸ் தள்ளுகிறது என்று நினைத்து மைக்ரோ அட்ஜஸ்ட்மென்டை (ஃபோகஸைத் துளி துளியாகத் திருத்தும் கேமரா அமைப்பு) முன்னே பின்னே மாற்றி இரண்டு வாரம் போனது. அப்புறம் ஒரு நாள் குருவியை விட்டுவிட்டு, அசையாத ஒரு மண்கட்டியைக் குறிவைத்துத் தொடர்ந்து இருபது படம் தட்டினேன். நாலைந்து கூர்மை, மீதி அலை அலையாக. ஃபோகஸ் கோளாறென்றால் எல்லாப் படமும் ஒரே மாதிரி கெட்டிருக்கும், இப்படி மாறி மாறி வராது. அதே கட்டியை மேகம் மூடிய இன்னொரு காலையில் எடுத்தபோது இருபதும் கூர்மை. உங்கள் லென்ஸ் மேல் சந்தேகம் வந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

கரிசல் சீக்கிரம் சூடேறும், எட்டு மணிக்கே காற்று ஆடுகிறது. தாழப் படுக்கப் படுக்க அந்தச் சூட்டுக்காற்றுக்குள்ளேயே பார்க்க வேண்டியிருக்கிறது. முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் கானல் குறையும், ஆனால் பின்னணி அழகு போய்விடும். ஆகவே தூரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. 20 மீட்டரில் தடுமாறும் படம் 8 மீட்டரில் கச்சிதமாக வருகிறது. துரத்திப் போனால் அந்த 8 மீட்டர் கிடைக்காது. வண்டித்தடத்து ஓரம் சூரியனை முதுகில் வாங்கி அசையாமல் கிடந்தால் அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும். (தரையில் கூடு வைக்கிற பறவை. ஒரே இடத்துக்கு ஜோடி திரும்பத் திரும்ப வந்து இறங்கத் தயங்கினால் எழுந்து போய்விட வேண்டும், நான் ஒரு வாரம் அப்படித்தான் வெறுங்கையோடு வந்தேன்.)

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து "என்ன அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டீகளா?" என்றார். திரையில் குருவியைக் காட்டினேன். "இது நம்ம காட்டுலயா கெடக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்.

லென்ஸ் தாங்க பழைய ஜீன்ஸில் பை தைத்தேன். உமி போட்டால் எடையில்லாமல் நழுவுகிறது, காராமணி போட்டதில் ஒரே மாதத்தில் வண்டு விழுந்துவிட்டது. இப்போது காய்ந்த ஆற்றுமணல், கனம்தான், ஆனால் ஆடாது. அடியில் ஒரு அலுமினியத் தாம்பாளம் வைத்தால் உழுத மண்ணில் தள்ளிக்கொண்டே நகரலாம். விளிம்பு உயரமான தாம்பாளம் கிடைக்கவில்லை, பாத்திரக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெண் இன்னும் பாக்கி, மண்நிறத்தில் இருக்கிறது, ஃபோகஸ் அதைக் கண்டுபிடிப்பதே இல்லை. அதற்குள் ஆணின் வான விளையாட்டில் மனசு போய்விட்டது. மேலே ஏறி, சிறகை மடக்கித் தலைகீழாக விழுந்து, மறுபடி எழும்பும். 1/3200 நொடி ஷட்டர் வேகத்தில் மூன்று முறை முயன்றேன், மூன்றிலும் வெறும் வானம். வரும் ஞாயிறு லென்ஸை 300 மி.மீ.க்குச் சுருக்கி, கூடுதல் வானம் தெரியும்படி வைத்துப் பார்க்கப் போகிறேன்.