ஜோஜோ தொட்டியும் நாணல் தவளைகளும்

ராத்திரி ஏழு மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு யார் போன் செய்தாலும் பேச்சின் நடுவே ஒரு கேள்வி வந்துவிடும்: "அது என்ன சத்தம்?" போன வாரம் அம்மா மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "என்னப்பா, அங்க நல்ல மழையா?" மன்னார்குடிப் பக்கம் வயலை ஒட்டிய வீட்டில் காலமெல்லாம் இருந்தவளுக்குத் தவளை கத்தினால் மழை, அவ்வளவுதான். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் அன்றைக்கு ஒரு தூறல்கூட இல்லை. கத்தியது கூடத்து மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ஆண் தவளை. என் கட்டைவிரல் நுனியில் உட்காரும் அளவுதான் இருக்கும். தொண்டைக்குக் கீழே பையை ஊதினால் அது ஒரு திராட்சை அளவுக்குப் புடைக்கும். அதிலிருந்து வரும் "வீப், வீப்" என்ற விசில், கதவைச் சாத்தினாலும் படுக்கையறை வரை வரும்.

இது பெயின்டட் ரீட் ஃப்ராக். நான் நாணல் தவளை என்றே சொல்கிறேன். அறிவியல் பெயர் ஹைப்பரோலியஸ் மார்மோரேட்டஸ்; மார்மோரேட்டஸ் என்றால் பளிங்கு போல வரி ஓடியது என்று பொருள். டர்பன் கடலோரத்தில் குட்டை, கால்வாய், கோரை மண்டிய சதுப்பு எங்கே இருந்தாலும் இது இருக்கும். கோடைகால இரவில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கத்தும்போது தூரத்திலிருந்து கேட்டால் மாட்டு மணிகளைக் கூடையில் கொட்டிக் குலுக்குகிற மாதிரி இருக்கும்.

என்னிடம் வந்தவை நான்கு. தந்தவர் எதிர்வீட்டு அங்கிள். (இங்கே பெரியவர் எல்லாரும் அங்கிள், ஆன்ட்டிதான். மாமா, பெரியப்பா என்று நான் அழைத்தால் அவருக்கே கொஞ்சம் வியப்பு.) பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தமிழில் அவருக்கு மிஞ்சியிருப்பது தண்ணி, சாமி, சோறு, தம்பி என்று ஒரு கைப்பிடிச் சொற்கள்; மற்றப் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். அந்தச் சொற்களை அவர் விடாமல் வைத்திருப்பதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். சின்ன வயதில் டர்பனிலேயே கிளேர்வுட் என்ற பகுதியில் இருந்தாராம். அப்பா கீரையும் மிளகாயும் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனவர். தோட்டத்துக்குப் பின்னால் சதுப்பு, ராத்திரி முழுக்கத் தவளை. அப்புறம் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டம் வந்து, 1960களில் குடும்பத்தோடு சாட்ஸ்வர்த்துக்குத் தூக்கிப் போட்டார்கள். "வீடு போனதைவிட அந்தச் சத்தம் போனதுதான் எனக்கு முதலில் தெரிந்தது, தம்பி" என்றார் ஒருநாள். 2023இல் மகள் வீட்டோடு போக முடிவானதும் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து என்னைக் கூப்பிட்டார்.

உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது. இந்த மாகாணத்தில் உள்நாட்டுத் தவளையை வீட்டில் வைத்துக்கொள்ள எசெம்வேலோவின் அனுமதி வேண்டும். குவாசூலு-நட்டாலின் வனவுயிர்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. அங்கிளிடம் அனுமதி இருந்தது, தவளைகளும் கூண்டில் பிறந்து வளர்ந்தவை. என் பெயருக்குக் காகிதம் வரும்வரை தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். அந்தக் காத்திருப்பு நல்லதாகப் போயிற்று. கால்வாயில் பிடித்து வந்து பாட்டிலில் போட்டு வைக்கிறவர்களுக்கு இந்தக் கல்வி கிடைப்பதில்லை, அந்தத் தவளைக்கும் ஆயுள் கிடைப்பதில்லை.

முதல் பாடமே தண்ணீர். தவளை வாயால் தண்ணீர் குடிக்காது, தோலால் குடிக்கும். அடிவயிற்றுத் தோலை ஈரத்தில் அப்பி உட்கார்ந்தால் அதுதான் அதன் தாகம் தீர்கிற வழி. ஆகவே தண்ணீரில் எது இருந்தாலும் அது நேராக உடம்புக்குள் போகும். நகராட்சிக் குழாயில் வருவது நமக்குச் சுத்தமான தண்ணீர், ஆனால் அதில் கிருமிக்காகப் போடும் குளோரின் இதன் தோலைச் சுடும். எங்கள் வீட்டில் 2,500 லிட்டர் ஜோஜோ தொட்டி இருக்கிறது; ஜோஜோ என்பது இங்கே பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்குப் பேர்போன கம்பெனி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்து, குழாய்கள் உடைந்து, பல வட்டாரங்கள் தண்ணீருக்குத் தவித்தபோது வாங்கியது. கூரையில் விழும் மழை அதில் சேரும். துணியில் வடிகட்டிய அந்த மழைத் தண்ணீர்தான் பெட்டிக்கு. காலையில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை தெளிக்கிறேன். நடுவில் கொஞ்சம் காய வேண்டும். எப்போதும் சொதசொதவென்று வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

பெட்டி 45 சென்டிமீட்டர் அகலம், 60 உயரம். இவை ஏறுகிற தவளைகள், ஆகவே அகலத்தைவிட உயரம் முக்கியம். அடியில் சுட்ட களிமண் உருண்டை, அதன்மேல் நுண்வலை, அப்புறம் நான்கு விரல் கனத்துக்குத் தேங்காய் நார்த்தூள், மேலே சருகு. சருகுக்குள் ஸ்பிரிங்டெயில் என்ற வெள்ளைப் பூச்சிகள், புள்ளி புள்ளியாகத் துள்ளிக்கொண்டிருக்கும். கழிவையும் பூஞ்சையையும் தின்று பெட்டியைச் சுத்தமாக வைத்திருப்பவை அவைதான். ஒரு மணி பிளான்ட், இரண்டு கோரைக் கொத்து, ஒரு கிண்ணம் தண்ணீர். டர்பனில் குளிர்காலமும் கடுமையில்லை என்பதால் சூடேற்றும் கருவி வாங்கவில்லை. கோடை வெக்கைதான் கவலை. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் மின்விசிறி நின்றுபோன மதியங்களில் பெட்டியைத் தரையில் இறக்கி, ஈரத்துணி போர்த்தி வைத்தோம்.

இதன் நிறத்தைச் சொல்லியாக வேண்டும். நடுப்பகலில் பார்த்தால் கோரைத் தண்டில் நான்கு காலையும் உடம்போடு மடக்கி, தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுத்து உட்கார்ந்திருக்கும். வெயில் படுகிற தண்டில் மற்றத் தவளை ஒன்று உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இது வெளுத்துக்கொண்டு வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டு நாள் முழுக்க இருக்கும். இருட்டியதும் ஒவ்வொன்றாக நிறம் ஏறும். முதலில் முதுகில் சாம்பல் படரும், அப்புறம் கறுப்பு, அதன்மேல் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள். கால் நீட்டித் தாவும்போதுதான் தொடையின் உள்பக்கமும் விரல்களும் மருதாணி வைத்த மாதிரிச் சிவந்திருப்பது தெரியும். ஊரில் பார்த்த தவளையெல்லாம் மண்நிறம், பாசிநிறம். இதை முதல்முறை விளக்கில் பார்த்த அன்று என் மனைவி பத்து நிமிடம் ஒன்றுமே பேசவில்லை.

சாப்பாடு ராத்திரிதான். பறக்க முடியாத பழ ஈ, ரொம்பச் சின்னச் சிள்வண்டு. இரையின் அளவு தவளையின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. கால்சியமும் டி3 வைட்டமினும் கலந்த தூளை ஒரு டப்பாவில் போட்டு, பூச்சியை அதில் குலுக்கி, திருநீறு பூசியது போல் ஆனதும் உள்ளே விட வேண்டும். மிச்சமான சிள்வண்டைக் காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது தூங்குகிற தவளையைக் கடிக்கும். விழுங்கும்போது கண்ணைப் பாருங்கள். இரண்டு கண்ணும் தலைக்குள் அமுங்கும். அந்த உருண்டைகளே மேலிருந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரிக் கண் மேலே வரும்.

சனிக்கிழமை என்னிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய ஈர்ப்பு. "தவலை" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பெட்டி முன்னால் நின்று "தவளை" என்று திருத்திக்கொண்டார்கள். தலைப்பிரட்டை என்ற சொல் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. ஸூலு மொழியில் தவளை இக்ஸோக்ஸோ. துறைமுகத்தில் என்னோடு சரக்குக் கணக்குப் பார்க்கிற நண்பர் சொல்லிக் கொடுத்தார். அந்த "க்ஸ" நாம் எழுதுகிற மாதிரி இல்லை. வண்டிமாட்டை ஓட்ட நாக்கைக் கடைவாயோரம் சுண்டுவோமே, அந்த ஒலி. பிள்ளைகளுக்கு அது எளிதாக வந்தது, எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

நான்கு வந்தன என்றேன், இப்போது மூன்று. அதையும் எழுதுகிறேன். கரப்பான் தொல்லைக்கு மருந்தடிக்க ஒருவரை வரவழைத்தோம். சமையலறையில் மட்டும் என்று சொன்னது எங்களுக்கு நினைவு. கூடத்துச் சுவரோரமும் அடித்துவிட்டுப் போயிருந்தார். பெட்டியை முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி வந்து பார்த்தபோது சின்ன ஆண் சருகின்மேல் கிடந்தது. பின்கால்கள் நேராக நீண்டு விறைத்திருந்தன. எதையாவது செய்யலாமென்று மழைத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, ஈரக் கையுறையோடு எடுத்து வைத்து, விடியவிடியத் தண்ணீர் மாற்றினேன். மூன்று மணி வாக்கில் தொண்டை அசைவது நின்றது. மற்ற மூன்றும் மேலே கோரை உச்சியில் இருந்ததால் தப்பின. அங்கிளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. சொன்னபோது அவர் ஒன்றும் திட்டவில்லை. "தோல்தான் அதுக்கு எல்லாம், தம்பி" என்றார். அன்றிலிருந்து கொசுவத்தி கிடையாது, ஸ்பிரே கிடையாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் பின்கட்டு முற்றத்தில்தான், காற்று வெளியே அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு. கையில் சோப்பு வாசம் இருந்தால்கூடப் பெட்டியைத் திறப்பதில்லை.

கேட்பவர்கள் பாதிப் பேர், "பாவம், கால்வாயில் விட்டுவிடுங்களேன்" என்கிறார்கள். மனசு நல்லதுதான், காரியம் தவறு. வீட்டில் இருந்த தவளை நோய்க்கிருமியையும் பூஞ்சையையும் சேர்த்துக் கொண்டுபோகும். இடம் மாறிய தவளை என்ன செய்யும் என்பதற்கு எங்கள் தோட்டத்துத் தேரையே சாட்சி. வாசல் விளக்கடியில் தினமும் வந்து உட்காருகிற, குறட்டை மாதிரிக் கத்துகிற கட்டரல் டோட். கரும்பு வண்டைத் தின்னும் என்று 1922இல் மொரிஷியஸுக்குக் கப்பலேற்றினார்கள், 1927இல் ரீயூனியனுக்கும் போயிற்று. இரண்டு தீவிலும் தவளையோ தேரையோ இயற்கையில் இருந்ததே இல்லை. அங்குள்ள நத்தையும் பூச்சியும் இப்படி ஒரு வாயைக் கண்டதில்லை. 2000இல் கேப் டவுனின் கான்ஸ்டான்ஷியாவிலும் தென்பட்டது, இன்றுவரை பிடித்து மாளவில்லை. மரபணுவைப் பார்த்தவர்கள் இவையெல்லாம் டர்பன் பக்கத்துத் தேரைகளின் வழிவந்தவை என்கிறார்கள். எங்கள் நாணல் தவளையுமே செடித் தொட்டிகளோடும் லாரிகளோடும் மேற்கு கேப் வரை போய்க் குடியேறிவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இது படிப்பு விஷயம் இல்லை. சரக்கோடு என்னென்ன ஏறிப் போகும் என்று கண்ணால் பார்க்கிறேன்.

தவளையை விடவே கூடாது என்றும் இல்லை. பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்று இதற்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி, உலகத்திலேயே இந்தக் கடலோரத்தில் மட்டும் இருப்பது. சதுப்பெல்லாம் கரும்பும் தொழிற்சாலையும் ஆகிவிட்டதால் அருகிப்போயிற்று. அதை ஜோகன்னஸ்பர்க் விலங்குக் காட்சிசாலையில் தனியே பெருக்கி, டர்பனுக்கு வடக்கே வெருலத்துக்குப் பக்கத்து மவுண்ட் மோர்லாந்து சதுப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பின்னால் எத்தனை ஏற்பாடு இருந்திருக்கும்! நாம் வாளியில் கொண்டுபோய்க் கொட்டுவது அது இல்லை. இங்குள்ள சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்தின் பக்கம் ராத்திரி தவளைச் சத்தம் கேட்கப் போனால்கூட, திரும்பி வந்து செருப்புச் சேற்றைக் கழுவிக் காயவைத்துத்தான் அடுத்த குட்டைப் பக்கம் போகிறேன்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வியாழக்கிழமை காலை. தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்ந்திருந்த கோரைத் தண்டில் ஜவ்வரிசிக் கூழ் ஒட்டினாற்போல ஒரு திட்டு. கைவிளக்கு வைத்துப் பார்த்தேன். கூழுக்குள் சின்னக் கடுகு மாதிரி முட்டைகள், பாதி கறுப்பு பாதி வெள்ளை. எண்ண ஆரம்பித்து நூற்று நாற்பதோடு விட்டுவிட்டேன். தண்டோடு நறுக்கி, மழைத் தண்ணீர் நிரப்பிய வேறு தொட்டிக்கு மாற்றியாயிற்று. குஞ்சுகளை யாருக்கு, எப்படிக் கொடுக்கலாம் என்று அனுமதி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். இன்று காலை முட்டைக்குள் கறுப்பு நீண்டு, ஓர் ஓரம் வாலாகத் துடிக்கிறது. அங்கிளுக்கு வீடியோ அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

"தண்ணி பாத்துக்கோ, தம்பி. ஆறு, எட்டு வாரத்துக்கு வேணும்" என்றார். தொட்டியைத் தட்டிப் பார்த்தேன், பாதிக்கும் கீழே சத்தம் மாறுகிறது. திங்கட்கிழமை மழை என்று போட்டிருக்கிறான். கூரைத் தகரத்துப் பள்ளத்தில் இலை அடைத்திருக்கிறது, அதை நாளைக்கே எடுத்துவிட வேண்டும்.