ஆர்வம் இல்லை என்று எழுதும் முன்: குமரி மாவட்ட விடுமுறைக் குறிப்பேடு

ஏப்ரல் 11, நாகர்கோவில்

வளரும் பிள்ளைகளுக்கு எதில் ஆர்வம் என்று பார்க்க எதையாவது தொடங்குவதென்றால், இந்த மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஏப்ரல் 10, 11 தேதிகளில் நாகர்கோவிலிலும் கன்னியாகுமரியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்ட கம்புக்கு நிழல் விழாது. அந்த நண்பகல் கடிகாரத்தின் 12 மணிக்கு வராது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, நாகர்கோவில் இருப்பது ஏறத்தாழ 77.4-ல். பாகைக்கு 4 நிமிடம் வைத்தால் 20 நிமிடம் பிந்தும். எனவே 12.20.

ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரு இன்ச் பி.வி.சி. குழாய், நூலில் கட்டிய தூக்குக்குண்டு இரண்டு, வெள்ளைச் சார்ட் தாள், ஸ்கேல். இவ்வளவுதான் தேவை. குழாயைத் தாளுக்கு ஒரு சாண் மேலே வருமாறு ஸ்டாண்டில் செங்குத்தாகப் பொருத்தி, 11.50 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். 12.20-ஐ நெருங்கும்போது குழாயின் துளை வழியே வெளிச்சம் இறங்கித் தாளில் மெல்லிய கீற்றாகத் தொடங்கும், முழு வட்டமாகும், மறுபடி தேயும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: குழாய் சாய்ந்திருக்கும். 1 பாகை சாய்ந்தாலே ஒரு மீட்டர் உயரத்துக்கு 17 மி.மீ. நிழல் விழுந்துவிடும். "நிழலு நிக்குதே சார்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டு நகர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு அறிவியல் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். தூக்குக்குண்டை ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டால் போதாது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு பக்கங்களிலும் தொங்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும். மேகம் வந்துவிட்டால் மறுநாளும் செய்யலாம். ஒரு நாளைக்கு நிழல் 6, 7 மி.மீ. அளவே மாறும்.

முடிந்த பிறகு விளக்கவுரை வேண்டாம். பொருட்களை அப்படியே விட்டுவைத்து, யார் திரும்பி வந்து தொடுகிறார்கள் என்று பாருங்கள். "சென்னையில இன்னைக்கு நிழல் இருக்குமா?" என்று யாராவது கேட்டால் (அங்கே ஏப்ரல் 24 வாக்கில்தான்) அந்தக் கேள்வியைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஏப்ரல் 19

"உனக்கு என்ன பிடிக்கும் மக்களே?" என்று 14 வயதுப் பிள்ளையிடம் கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றோ, "கிரிக்கெட்" என்றோ பதில் வரும். இரண்டும் உண்மையான பதில்களே. கையில் எடுத்துப் பார்க்காத ஒன்றை யாரும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆர்வம் உள்ளே ஒளிந்திருக்கிறது, தோண்டி எடுத்தால் போதும் என்ற எண்ணம் கெடுதலும் செய்கிறது. 2018-ல் ஓ'கீஃப், ட்வெக், வால்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வில், கருந்துளை பற்றிய விறுவிறுப்பான காணொளியைப் பார்த்து உற்சாகமானவர்களுக்கு அதே பொருளில் ஒரு கடினமான கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே அமைந்தது என்று நம்பியவர்களின் உற்சாகம் மற்றவர்களுடையதைவிட அதிகமாக வடிந்தது. கடினம் வந்ததும் "இது நமக்கானது இல்லை போல" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே கேள்வித்தாள் வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். பிள்ளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று கட்டம்: தானாகக் கேட்ட கேள்வி, நேரம் முடிந்த பிறகும் செய்துகொண்டிருந்தது, அடுத்த முறை வீட்டிலிருந்து கொண்டுவந்தது அல்லது கூட்டிவந்த ஆள். மதிப்பெண் போடக் கூடாது. நான்கு முதல் ஆறு அமர்வுகளுக்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். முதல் நாள் துள்ளலுக்குப் பெரிய பொருள் இல்லை; மூன்றாவது கட்டம் நிரம்பத் தொடங்குவதே நல்ல அடையாளம்.

மே 3, தேரூர் குளம்

சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. மே மாதத்தில் வலசைப் பறவைகள் அநேகமாகப் போயிருக்கும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இதுவே வசதி: இனங்கள் குறைவு, இருப்பவை நின்று முகம் காட்டுபவை. நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், நீலத்தாழைக்கோழி ஆகிய நான்கோடு முதல் காலையை முடித்துக்கொள்ளலாம். காலை 6 முதல் 8 வரை. 8 பேருக்கு மேல் வேண்டாம். இருவருக்கு ஒரு பைனாகுலர், 8க்கு 42 அளவு (8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.).

பறவை பார்க்கக் கூட்டிப்போன பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று சொல்லப்படும்போது முதலில் பைனாகுலரைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெரியவரின் கண்ணுக்கு அகட்டி வைத்தது அப்படியே இருக்கும். பிள்ளைக்கு இரண்டு வட்டமும் நடுவே கறுப்பும்தான் தெரிந்திருக்கும். சரிசெய்யும் முறை: இரு குழல்களையும் மடக்கி ஒரே வட்டமாகும்வரை நெருக்க வேண்டும். வலப்பக்க முன் கண்ணாடியைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்க வேண்டும். அந்த வளையத்தின் எண்ணை நோட்டில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த முறை ஒரு நொடியில் வைத்துவிடலாம். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்குமிழைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் கிடைக்காது. பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் அசையாத தென்னை உச்சியில் பழகட்டும்.

மே 5

பரிசு, சான்றிதழ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பொருந்துகிறது. படம் வரைவதை விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவுக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அந்தக் குழு வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. எனவே போட்டி அறிவிக்க வேண்டாம். செய்ததைக் காட்ட ஓர் இடமும் பார்க்க ஆளும் இருந்தால் போதும்.

மே 10, வில்லுப்பாட்டு

இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கோயில் கொடையில் வில்லுப்பாட்டைச் சின்ன வயதிலேயே கேட்டிருப்பார்கள். ஆனால் கேட்டது தூரத்து ஒலிபெருக்கியில். மேடையின் பக்கவாட்டில், குடத்துக்கு அருகில் உட்கார வைத்தால் அது வேறு அனுபவம்.

வில், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று ஆறு கருவிகள் இருப்பது பெரிய வசதி. பாட வராதவருக்கும் இடம் உண்டு. ஜால்ராவில் தொடங்கி, காலம் பிசகாமல் ஐந்து நிமிடம் நின்றதும் கட்டை, பிறகு குடம். குடத்தை வெறும் தரையில் வைக்கக் கூடாது, வைக்கோல் புரிமணை மேல் வைக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் விரிசல் விழும், ஓசையும் அமுங்கும்.

13 முதல் 15 வயதுப் பையன்கள் பாதியில் விட்டுப்போவதற்குக் காரணம் தொண்டை. குரல் உடையும் பருவத்தில் மேல் சுருதியில் பாடச் சொன்னால் குரல் பிளறும், சிரிப்பார்கள், அடுத்த வாரம் வரமாட்டான். அந்த மாதங்களில் அவனைத் தாளக் கருவியில் வையுங்கள், பாடுவதென்றால் சுருதியை இறக்குங்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதியும் பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியும் ஒத்துவரும் என்பதால், இருபாலரையும் ஒரே சுருதியில் பாட வைத்தால் ஒரு பக்கம் நிச்சயம் சோர்ந்துபோகும்.

மே 17, மார்த்தாண்டம்

தேனீக்கு இந்த ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டாம். 1920-களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து பெட்டியில் தேனீ வளர்ப்பது பரவிய வட்டாரம். பெட்டி வைத்திருக்கும் பெரியவர் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார். அவரிடம் பிள்ளைகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி 1990-களின் தொடக்கத்தில் வந்த தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீப் புழு நோய் பற்றி. அந்த வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகளைக் காலி செய்தது. அதற்குப் பிறகும் மீண்டும் பெட்டி வைத்தவர் சொல்லும் விவரம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

பெட்டியின் பாகங்கள்: அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, இரண்டிலும் அடை கட்டும் மரச் சட்டங்கள், உள்மூடி, மேல்மூடி. ஸ்டாண்டின் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்க வேண்டும், எறும்புக்காக. பிள்ளைகள் வெளிர்நிறச் சட்டை போட்டிருக்கட்டும்; சென்ட், பூ வாசனை கூடாது. வாசலுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வெயில் தெளிந்த காலை 9 மணிக்கு மேல், தேங்காய் நார்ப் புகை இரண்டு மூன்று ஊதல் போதும். அதிகப் புகை தேனீயைக் கலைத்துவிடும்.

சட்டத்தை நேர் மேலே தூக்கி, பெட்டிக்கு மேலேயே செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். படுக்கையாகத் திருப்பினால் புது அடை கனம் தாங்காமல் பிய்ந்து விழும். புதியவர்கள் தவறாமல் செய்வது இது. எல்லோரும் ராணியைத் தேடுவார்கள். அது கிடைக்காமல் போனால் சலித்துவிடும். முட்டையைத் தேடச் சொல்லுங்கள். அடையிலுள்ள சிற்றறையின் அடியில் வெள்ளை நூல் துணுக்காக நிற்கும், வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும். முட்டை 3 நாளில் பொரிந்துவிடும். ஆகவே முட்டையைக் கண்டால் ராணி கடந்த 3 நாளுக்குள் அங்கே இருந்திருக்கிறாள். இந்தத் துப்பறிதல் புரிந்த பிள்ளை பெட்டியை விட்டு எளிதில் நகராது.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்துவிட வேண்டும். மூச்சுத் திணறல், முகவீக்கம், உடம்பெங்கும் தடிப்பு கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனை. முன்பு அப்படி ஆனவர் உண்டா என்று பெற்றோரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த மாதம் பார்ப்பதோடு நிற்கட்டும். ஆசைப்பட்டதும் பெட்டி வாங்கிக் கொடுப்பது தவறு. காரணம் அடுத்த மாதம் தெரியும்.

மே 24

பெற்றோர் கேட்பது ஒன்றே: "இதனால படிப்பு கெடுமா?" வாரத்தில் இரண்டு மணி நேரம், நாளும் நேரமும் குறித்து, பத்து வாரம். அவ்வளவே கேளுங்கள். எதிர்காலத் தொழில் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரு அலமாரித் தட்டை ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்பதைவிட "எனக்கும் காட்டு" என்று சொன்னால் பிள்ளை பேசும்.

ஜூன் 2, கடற்கரை ஊர்கள்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-ல் தொடங்கியது ஜூன் 14-ல் முடியும். வீட்டில் வருமானம் இல்லாத நாட்கள் இவை. கட்டணம், பொருள் வாங்கிவா என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அதே சமயம் எஞ்சின் மீது கண் உள்ள பிள்ளைக்கு ஆண்டிலேயே நல்ல பருவம்: படகுகள் கரையேறி, டீசல் எஞ்சின்கள் திறந்து கிடக்கும். மெக்கானிக்கிடம் அரை நாள் உட்கார அனுமதி கேட்டுவிடுங்கள். பிள்ளைக்கு ஒரு வேலை மட்டும்: கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையில் சாக்கில் அடுக்கி, எண்ணிட்டு வரைவது. திரும்ப மாட்டும்போது அந்தப் படம் மெக்கானிக்குக்கே உதவினால் மறுநாளும் கூப்பிடுவார்.

ஜூன் 14

மழை பிடித்துவிட்டது. பூ இல்லை, தேனீ வெளியே போக முடியாது. செப்டம்பர் வரை பஞ்சகாலம். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகை மாலையில் மட்டும், சிந்தாமல் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வேறு கூட்டத் தேனீக்கள் கொள்ளையிட வரும். வாசலைச் சுருக்கி, காலி அடைகளை எடுத்துவிட வேண்டும், மெழுகு அந்துப்பூச்சி அங்கேதான் நுழையும். மே மாதத்தில் பெட்டி கையில் கிடைத்த பிள்ளை இப்போது கூட்டம் பறந்துபோன வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைத் தன் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும்.

மழை மாதங்களில் நோட்டில் மூன்றாவது கட்டம் நிரம்பிய பிள்ளைகள் பெரியவரோடு சேர்ந்து பாகு வைக்கட்டும், சட்டம் அடிக்கட்டும். அக்டோபர், நவம்பரில் கூட்டம் பெருகிப் பெட்டி பிரிக்கும்போது சொந்தமாகத் தொடங்கலாம். தை, மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது தேன் வரத்து இருக்கும். சொந்தமாகத் தொடங்கும்போது ஒரு பிள்ளைக்கு இரண்டு பெட்டிகளாகக் கொடுங்கள். ஒன்றில் ராணி இறந்தால் மற்றதிலிருந்து முட்டையுள்ள ஓர் அடையை எடுத்து வைக்க முடியும், வேலைக்காரத் தேனீக்கள் அதிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும்.